ராஜா எரித்த சுருள்... தீயில் சுட்டுக் கிடைத்த முத்திரை!

குளிர்காலம். எருசலேம் அரண்மனையில், குளிருக்கென்றே கட்டிய மாளிகையில் மன்னன் யோயாக்கீம் உட்கார்ந்திருக்கிறான். எதிரில் கணப்புச் சட்டியில் நெருப்பு கனன்றுகொண்டிருக்கிறது. யெகுதி என்ற அரண்மனை ஊழியன் ஒரு சுருளை விரித்து வாசிக்கிறான். மூன்று, நான்கு பத்தி முடிந்ததும் மன்னன் கையை நீட்டுகிறான். எழுத்தர்கள் நாணல் பேனா சீவுவதற்கு வைத்திருக்கும் சின்னக் கத்தியால், வாசித்து முடித்த பகுதியை மட்டும் அறுத்து நெருப்பில் போடுகிறான். அடுத்த சில பத்திகள். மறுபடி கத்தி, மறுபடி நெருப்பு. கடைசி வரி சாம்பலாகும்வரை இது நடக்கிறது.

பைபிளில் எரேமியா புத்தகத்தின் 36-ம் அதிகாரத்தில் வருகிற காட்சி இது. முதல் முறை படித்தபோது என்னை உலுக்கியது, அவன் எரித்தது அல்ல, அவசரப்படாமல் எரித்ததுதான். முழுச் சுருளையும் பிடுங்கி ஒரே வீச்சில் எறிந்திருந்தால் ஆத்திரம் என்று விட்டுவிடலாம். இவன் ஒவ்வொரு வரியாகக் கேட்டுவிட்டு எரித்தான். அந்தச் சுருளில் அப்படி என்னதான் இருந்தது? இந்த வாரம் அந்தக் கதைதான்.

தீர்க்கதரிசி என்றால் ஜோசியரா?

தமிழில் இவர்களுக்கு மூன்று பெயர்கள் உண்டு. பழைய தமிழ் பைபிளில் 'தீர்க்கதரிசி'. கத்தோலிக்கர்கள் வாசிக்கும் திருவிவிலியத்தில் 'இறைவாக்கினர்'. இஸ்லாமியர்கள் சொல்வது 'நபி'. இதில் மூன்றாவது சொல்லுக்கும் எபிரேய மூலத்தில் இருக்கும் 'நவி' என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றுதான். அழைக்கப்பட்டவர் என்ற பொருளில் பிறந்த சொல்லாக இருக்கலாம் என்கிறார்கள் மொழியறிஞர்கள் பலர்.

'தீர்க்கதரிசி' என்றதும் நம் மனதில் வருவது எதிர்காலத்தைச் சொல்கிற ஒருவர். ஆனால் பழைய இஸ்ரவேலின் தீர்க்கதரிசிகள் செய்த முக்கியமான வேலை வேறு. மன்னன் கேட்க விரும்பாததை மன்னன் முகத்துக்கு நேரே சொல்வது! தாவீது தன் போர்வீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனைச் சாகவும் வைத்தபோது, அரண்மனைக்குப் போய் அதைக் கேட்டவர் நாத்தான். நாபோத் என்ற குடியானவனைப் பொய் வழக்கில் கொன்று அவன் திராட்சைத் தோட்டத்தை ஆகாப் எடுத்துக்கொண்டபோது, அந்தத் தோட்டத்துக்கே போய் எதிரில் நின்றவர் எலியா. எதிர்காலத்தைப் பற்றிய பேச்சும் உண்டுதான். பெரும்பாலும் அது, இப்படியே போனால் இதுதான் நடக்கும் என்கிற எச்சரிக்கை.

சாலமோனுக்குப் பிறகு, கி.மு. 930 வாக்கில், நாடு இரண்டாக உடைந்தது. வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா. வடக்கை கி.மு. 722-ல் அசீரியர்கள் விழுங்கிவிட்டார்கள். மிச்சமிருந்த குட்டி நாடான யூதாவின் கடைசி 40 ஆண்டுகளைக் கூடவே இருந்து பார்த்தவர் எரேமியா. எருசலேமுக்குப் பக்கத்தில் ஆனதோத் என்ற கிராமத்தில், ஆசாரியர் குடும்பத்தில் பிறந்தவர். கி.மு. 627 வாக்கில், தனக்கு அழைப்பு வந்தபோது, நான் சிறு பிள்ளை, எனக்குப் பேச வராது என்று தயங்கியவர். அதன் பிறகு 40 வருடம் அவர் வாயை யாராலும் மூட முடியவில்லை.

சம்பளம் கொடுக்காத மன்னன்

யூதாவின் நல்ல மன்னன் என்று பெயரெடுத்த யோசியா கி.மு. 609-ல் மெகிதோவில் எகிப்திய பார்வோன் நேகோவின் கையில் செத்தான். அடுத்து வந்த மகனை மூன்றே மாதத்தில் எகிப்துக்குக் கொண்டுபோய்விட்ட பார்வோன், இன்னொரு மகனுக்குப் பெயரை மாற்றி சிம்மாசனத்தில் உட்காரவைத்தான். அவன்தான் யோயாக்கீம்.

எகிப்துக்குக் கப்பம் கட்ட ஜனங்களிடம் வரி பிழிந்துகொண்டிருந்த அதே காலத்தில், யோயாக்கீம் தனக்குப் புது மாளிகை கட்டினான். பெரிய ஜன்னல்கள், கேதுரு மரப் பலகைகள், மேலே சிவப்பு வர்ணம். வேலை செய்தவர்களுக்குக் கூலி மட்டும் கொடுக்கவில்லை. எரேமியா விடவில்லை. கேதுரு மரத்தில் போட்டிபோட்டால் நீ ராஜாவாகிவிடுவாயா, உன் அப்பாவும் சாப்பிட்டான் குடித்தான், ஆனால் ஏழையின் வழக்கை நியாயமாக விசாரித்தானே என்று கேட்டார். நீ செத்தால் கழுதையைப் புதைக்கிற மாதிரி இழுத்துப்போட்டுப் புதைப்பார்கள் என்றும் சொன்னார்.

இப்படிப் பேசினால் என்ன ஆகும் என்பதற்குக் கண்ணெதிரே உதாரணம் இருந்தது. இதே போலப் பேசிய இன்னொரு உரியா (தாவீது காலத்து உரியா இல்லை, இவர் ஒரு தீர்க்கதரிசி) பயந்து எகிப்துக்கு ஓடிப்போனார். மன்னன் ஆள் அனுப்பிப் பிடித்துவரச் செய்து வெட்டினான். அந்த உரியாவைப் பிடித்துவரப் போன ஆளின் பெயர் எல்நாத்தான். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கி.மு. 605-ல் உலகமே புரண்டது. கர்கேமிஸ் போரில் பாபிலோன் இளவரசன் நேபுகாத்நேச்சார் எகிப்தியப் படையை நொறுக்கினான். அதே வருடம் அரசனும் ஆனான். இனி பாபிலோன்தான் என்று எரேமியாவுக்குத் தெரிந்துவிட்டது. அதுவரை பேசியதையெல்லாம் எழுத வைத்தார். அவர் சொல்லச் சொல்ல, பாருக் என்ற எழுத்தர் மையில் எழுதினார். எரேமியா ஆலயத்துக்குள் போக முடியாத நிலை. அதனால் அடுத்த வருடம், எருசலேமில் உபவாசம் கூறப்பட்ட ஒரு நாளில், பாருக்கே சுருளை ஆலயத்துக்குக் கொண்டுபோய், சாப்பானின் மகன் கெமரியா என்ற அதிகாரியின் அறையில் நின்று கூட்டத்துக்கு வாசித்தார்.

அந்த உபவாசம் ஏன்? எரேமியா புத்தகத்தில் காரணம் இல்லை. ஆனால், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றில் ஒரு தகவல் இருக்கிறது. கி.மு. 604-ல், கிஸ்லேவ் மாதத்தில் (நம் கணக்கில் நவம்பர் - டிசம்பர்), நேபுகாத்நேச்சார் கடலோர நகரமான அஸ்கலோனைப் பிடித்துத் தரைமட்டமாக்கினான். எருசலேம் உபவாசமும் அதே வருடம், அதே மாதம்தான். அஸ்கலோன் எருசலேமிலிருந்து சில நாள் நடைதூரம். அந்தப் பயம்தான் ஊரை உபவாசம் இருக்க வைத்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் ஊகம். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

விஷயம் அரண்மனை அதிகாரிகளின் காதுக்குப் போனது. அவர்கள் பாருக்கைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். கேட்டுவிட்டு ஒருவரையொருவர் திகிலோடு பார்த்துக்கொண்டார்கள். இதை மன்னனிடம் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் அதற்கு முன்னால் பாருக்கிடம், நீயும் எரேமியாவும் ஒளிந்துகொள்ளுங்கள், எங்கே என்று யாருக்கும் தெரியக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அரசாங்கத்துக்கு உள்ளேயே இப்படியும் சிலர்!

பிறகுதான் அந்தக் கணப்புச் சட்டிக் காட்சி. எரிக்க வேண்டாம் என்று மன்னனிடம் கெஞ்சியவர்கள் மூன்று பேர். ஒருவர் கெமரியா. இன்னொருவர் தெலாயா. மூன்றாவது ஆள் யார் தெரியுமா? எல்நாத்தான். உரியாவை எகிப்திலிருந்து இழுத்துவந்த அதே ஆள். அந்தக் கொலைக்குப் பிறகு அவருக்குள் என்ன நடந்ததோ! அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை.

சுருள் எரிந்ததும் எரேமியா இன்னொரு சுருள் எடுக்கச் சொன்னார். பாருக் மறுபடி எழுதினார். எரிந்தது எல்லாம் திரும்ப வந்தது. கூடுதலாகவும் நிறையச் சேர்ந்தது. ஒரு பதிவை டெலிட் பண்ணச் சொன்னால் அதற்கு நூறு ஸ்க்ரீன்ஷாட் முளைப்பதை டிஜிட்டல் டெஸ்க்கில் தினமும் பார்க்கிற எனக்கு, இந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு தீர்க்கதரிசிகள், ஒரு நுகத்தடி

யோயாக்கீம் சில வருடம் பாபிலோனுக்குக் கப்பம் கட்டினான், பிறகு நிறுத்தினான். நேபுகாத்நேச்சார் எருசலேமை நோக்கி வந்த நேரத்தில் அவன் செத்துப்போக, 18 வயது மகன் யோயாக்கீன் மாட்டிக்கொண்டான். (அப்பா யோயாக்கீம், மகன் யோயாக்கீன். ஓர் எழுத்துதான் வித்தியாசம். குழம்பாமல் இருக்க நானே ஒரு தாளில் எழுதி மேஜையில் ஒட்டிவைத்திருந்தேன்.) கி.மு. 597 மார்ச் 16-ல் நகரம் சரணடைந்தது. தேதியோடு சொல்ல முடிவதற்கும் பாபிலோனியப் பலகைதான் காரணம். மூன்றே மாதம் ஆண்ட பையனை, அம்மாவோடும் அதிகாரிகளோடும் கைவினைஞர்களோடும் பாபிலோனுக்குக் கொண்டுபோனார்கள். அவன் சித்தப்பா சிதேக்கியா, 21 வயதில், பாபிலோன் வைத்த பொம்மை மன்னன் ஆனான்.

சிதேக்கியாவின் நாலாவது வருடம். ஏதோம், மோவாப், அம்மோன், தீரு, சீதோன் ஆகிய அண்டை நாடுகளின் தூதர்கள் எருசலேமில் கூடியிருந்தார்கள். பாபிலோனுக்கு எதிராகக் கூட்டணி பேச என்று தெரிகிறது. எரேமியா மாட்டின் நுகத்தடியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். பாபிலோனின் நுகத்துக்குக் கழுத்தைக் கொடுங்கள், உயிராவது மிஞ்சும் என்றார்.

அப்போது ஆலயத்தில், எல்லார் முன்னிலையிலும், அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி எழுந்தார். அவரும் கடவுளின் பெயரால்தான் பேசினார். இரண்டே வருடம், பாபிலோன் கொள்ளையடித்த ஆலயப் பாத்திரங்களும் சிறைபிடித்த மன்னனும் ஜனங்களும் திரும்பி வந்துவிடுவார்கள் என்றார். சொல்லிவிட்டு எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தடியைக் கழற்றி ஒடித்தார்.

கூட்டத்தில் நீங்கள் நின்றிருந்தால் யாரை நம்பியிருப்பீர்கள்? இருவரும் அதே கடவுளின் பெயரைச் சொல்கிறார்கள். ஒருவர் நம்பிக்கை தருகிறார். இன்னொருவர் சரணடையச் சொல்கிறார். நான் அனனியா பக்கம்தான் கைதட்டியிருப்பேன். உங்கள் அண்ணனோ தம்பியோ பாபிலோனில் சிறையிருந்தால் நீங்களும் அப்படித்தான்.

எரேமியா முதலில் சொன்ன பதில்தான் எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்தது. ஆமென், அப்படியே நடக்கட்டும் என்றார். தன் வார்த்தை பொய்த்து, அனனியாவின் வார்த்தை பலித்தால் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்கச் சொன்னார். நமக்கு முன்னால் வந்தவர்கள் யுத்தத்தையும் பஞ்சத்தையும் பற்றித்தான் எச்சரித்தார்கள். சமாதானம் என்று சொல்கிறவன் உண்மையானவனா என்பது, அது நடந்த பிறகுதான் தெரியும் என்றார். நுகத்தடி ஒடிந்ததும் பதிலுக்குச் சண்டை போடவில்லை. பேசாமல் எழுந்து போய்விட்டார். பிறகுதான் திரும்பி வந்து, மர நுகத்தை ஒடித்தாய், அதற்குப் பதில் இரும்பு நுகம் வருகிறது என்றார். அனனியா அந்த வருடமே இறந்துபோனதாக எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு வருடத்தில் யாரும் திரும்பி வரவில்லை.

விடுதலை... பிறகு வாபஸ்!

சிதேக்கியா கடைசியில் பாபிலோனுக்கு எதிராகக் கிளம்பினான். முற்றுகை தொடங்கியது. அந்த நெருக்கடியில் எருசலேம் பணக்காரர்கள் ஒரு புண்ணியம் செய்தார்கள். தங்கள் சொந்த ஜாதியாரில் அடிமைகளாக இருந்தவர்களை விடுதலை செய்வதாக ஆலயத்தில் உடன்படிக்கை செய்து, சொன்னபடி விடுவித்தார்கள். ஏழாம் வருடத்தில் எபிரேய அடிமையை விட்டுவிட வேண்டும் என்பது பழைய சட்டம்; அதுவரை யாரும் மதிக்கவில்லை.

கொஞ்ச நாளில் எகிப்தியப் படை வருகிறது என்று கேள்விப்பட்டு, பாபிலோனியர்கள் முற்றுகையைத் தளர்த்திப் பின்வாங்கினார்கள். ஊர் மூச்சுவிட்டது. உடனே அந்தப் பணக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? விடுவித்த அடிமைகளை எல்லாம் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள்! எரேமியாவின் கோபம் உச்சத்துக்குப் போனது இங்கேதான். நீங்கள் கொடுத்த விடுதலை மாதிரியே உங்களுக்கும் ஒரு விடுதலை இருக்கிறது, வாளுக்கும் பஞ்சத்துக்கும் கொள்ளைநோய்க்கும் உங்களை விட்டுவிடுகிற விடுதலை என்றார். பாபிலோனியர்கள் திரும்பி வந்தார்கள்.

அந்த இடைவெளியில் சொத்து விஷயமாகத் தன் ஊர்ப்பக்கம் கிளம்பிய எரேமியாவை, எதிரியிடம் ஓடுகிறாய் என்று வாசலிலேயே பிடித்து, அடித்து, நிலவறையில் போட்டார்கள். மன்னன் ரகசியமாக ஆள் அனுப்பி அவரை வரவழைத்தான். கடவுளிடமிருந்து ஏதாவது செய்தி உண்டா என்று கேட்டான். உண்டு, நீ பாபிலோன் ராஜாவின் கையில் கொடுக்கப்படுவாய் என்றார். தினமும் ரொட்டிக்கார வீதியிலிருந்து ஒரு ரொட்டி கொடுக்கச் சொல்லி, காவல் முற்றத்துக்கு அவரை மாற்றினான் சிதேக்கியா.

முற்றத்திலும் எரேமியா பேச்சை நிறுத்தவில்லை. சரணடைகிறவன் பிழைப்பான் என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொன்னார். யூகால், பஸ்கூரின் மகன் கெதலியா உட்பட நான்கு அதிகாரிகள் மன்னனிடம் போய், இந்த ஆள் போர்வீரர்களின் கையைத் தளர்த்துகிறான், கொன்றுவிட வேண்டும் என்றார்கள். நியாயமாகப் பார்த்தால், மதிலில் நின்று சண்டை போடுகிற பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு அந்தக் கோபம் புரியக்கூடியதுதான். இந்தப் புத்தகத்தை எழுதிவைத்தவர்கள் எரேமியா பக்கத்து ஆட்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. மன்னன் சொன்ன பதில்தான் பரிதாபம். அவன் உங்கள் கையில் இருக்கிறான், உங்களுக்கு எதிராக ராஜா ஒன்றும் செய்ய முடியாது என்றான்.

கயிறு கட்டி ஒரு துரவில் இறக்கினார்கள். தண்ணீர் இல்லை, சேறு மட்டும். எரேமியா சேற்றில் புதைந்தார். காப்பாற்றியது யூதர் யாரும் இல்லை. அரண்மனையில் வேலை பார்த்த எபெத்மெலேக் என்ற கூஷ் தேசத்து ஆள். இன்றைய சூடான் பக்கத்துக் கறுப்பினத்தவர். நேராக மன்னனிடம் போய் இது அநியாயம் என்றார். அனுமதி கிடைத்ததும் ஓடியது எங்கே என்கிறீர்கள்? பண்டகசாலைக்கு. பழந்துணிகளையும் கந்தல்களையும் எடுத்துவந்து கீழே இறக்கி, கயிறு அறுக்காமல் இருக்க அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் மேலே தூக்கினார். ராஜாக்களும் படைகளுமாக நிறைந்த இந்தப் புத்தகத்தில், அந்தக் கந்தல் துணியை யாரோ மறக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள்.

மன்னன் கடைசியாக ஒரு முறை ரகசியமாகச் சந்தித்தான். சரணடைந்தால் நகரம் எரியாது, நீயும் உன் குடும்பமும் பிழைப்பீர்கள் என்றார் எரேமியா. சிதேக்கியாவுக்கு அது உண்மை என்று தெரிந்திருக்கிறது. அவன் பயம் வேறு: ஏற்கெனவே பாபிலோன் பக்கம் போய்விட்ட தன் ஜனங்கள் கையில் கொடுத்துவிடுவார்களோ, அவர்கள் தன்னைக் கேலி செய்வார்களோ! நாம் பேசியதை யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டு அனுப்பிவிட்டான். 

முற்றுகை ஒன்றரை வருடத்துக்கு மேல் நீண்டது. ரொட்டி தீர்ந்தது. மதில் உடைந்தது. இரவில் தப்பியோடிய சிதேக்கியாவை எரிகோ சமவெளியில் பிடித்தார்கள். ரிப்லாவில், கண்ணெதிரே மகன்களை வெட்டினார்கள். பிறகு அவன் கண்களைப் பிடுங்கினார்கள். அவன் கடைசியாகப் பார்த்தது அதைத்தான். அடுத்த மாதம் ஆலயம், அரண்மனை, வீடுகள் எல்லாம் எரிந்தன. கி.மு. 587 அல்லது 586. எந்த வருடம் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு முடியவில்லை.

நெருப்பு விட்டுவைத்தது

1982-ல் எருசலேமின் பழைய பகுதியில், தாவீதின் நகரம் என்று சொல்லப்படும் இடத்தில், இகால் ஷிலோ என்ற தொல்லியலாளரின் குழு அகழாய்வு செய்தது. பாபிலோனியர்கள் எரித்த காலத்து வீடு ஒன்றில் 51 களிமண் முத்திரைகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் விரல் நகம் அளவு. சுருட்டிய ஆவணத்தில் கயிறு கட்டி, முடிச்சின் மேல் ஈரக் களிமண் அப்பி, முத்திரை குத்துவார்கள். தீயில் ஆவணங்கள் எல்லாம் சாம்பலாகிவிட்டன. முத்திரைகளோ, சூளையில் வைத்த மாதிரி சுட்டு இறுகிவிட்டன. அதில் ஒன்றில் இருந்த பெயர்: சாப்பானின் மகன் கெமரியா. பாருக் சுருளை வாசித்தது எந்த அதிகாரியின் அறையில்? எரிக்காதீர்கள் என்று மன்னனிடம் கெஞ்சியவர்களில் ஒருவர் யார்? அதே பெயர். அதே ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலோரின் கருத்து.

2005-ல் அதே மேட்டில் எய்லாட் மஸார் தோண்டியபோது யூகாலின் பெயர் கிடைத்தது. 2008-ல் சில மீட்டர் தள்ளி, பஸ்கூரின் மகன் கெதலியா. எரேமியாவைத் துரவில் போடச் சொன்ன நால்வரில் இரண்டு பேர்!

பாருக்கின் பெயரிலும் ஒரு முத்திரை 1970-களில் பழம்பொருள் சந்தையில் வந்து பெரும் பரபரப்பானது. அகழாய்வில் கிடைத்ததல்ல, அது போலி என்றுதான் இன்று வல்லுநர்கள் பலர் சொல்கிறார்கள். இன்றும் இணையத்தில் உண்மை மாதிரியே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஃபார்வர்டு வந்தால் கவனம்.

லாகீஸ் கோட்டையின் வாசல் அறையில், 1935-ல், மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. கடைசி நாட்களில் ஒரு படை அதிகாரி தன் மேலதிகாரிக்கு எழுதிய கடிதங்கள். ஒன்றில், லாகீஸின் தீ அடையாளத்தையே பார்த்துக்கொண்டிருப்பதாகவும், அசெக்காவைப் பார்க்க முடியவில்லை என்றும் எழுதுகிறார். யூதாவின் கோட்டை நகரங்களில் கடைசியாக மிஞ்சியவை லாகீஸும் அசெக்காவும்தான் என்று எரேமியா புத்தகம் சொல்கிறது. இன்னொரு கடிதத்தில், சில பெரிய மனிதர்களின் பேச்சு கைகளைத் தளர வைக்கிறது என்ற புகார். எரேமியா மேல் சொல்லப்பட்ட அதே குற்றச்சாட்டு, கிட்டத்தட்ட அதே சொற்களில். மற்றொன்றில் ஒரு தீர்க்கதரிசியிடமிருந்து வந்த எச்சரிக்கை பற்றிய குறிப்பும் இருக்கிறது. பெயர் இல்லை.

18 வயதில் கொண்டுபோகப்பட்ட யோயாக்கீன் என்ன ஆனான்? பாபிலோனில் ஜெர்மானியர்கள் தோண்டியெடுத்த பலகைகளில், அரண்மனைக் கிடங்கிலிருந்து யார் யாருக்கு எவ்வளவு எண்ணெய் என்ற கணக்கு இருக்கிறது. நம் ரேஷன் கடைப் பதிவேடு மாதிரிதான். அதில் யூதா தேசத்து ராஜா என்று அவன் பெயரும், அவனுடைய ஐந்து மகன்களும் வருகிறார்கள்.

எரேமியா? பாபிலோனியத் தளபதி அவரை விடுவித்து, எங்களோடு வருகிறாயா, இங்கேயே இருக்கிறாயா என்று கேட்டான். இங்கேயே என்றார். ஆனால் மிச்சமிருந்த ஜனங்கள் பாபிலோனுக்குப் பயந்து, அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, எகிப்துக்கு ஓடினார்கள். அவரையும் பாருக்கையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். முற்றுகையின் நடுவில், காவல் முற்றத்தில் எரேமியா அடைபட்டிருந்தபோது, பெரியப்பா மகன் வந்து ஆனதோத்தில் இருக்கும் தன் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னான். அந்த ஊர்ப்பக்கமெல்லாம் பாபிலோன் படை நிற்கிறது. நாடே போகப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவரே இவர்தான். ஆனாலும் வாங்கினார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டையும் மண்பாண்டத்தில் வை, நெடுநாள் இருக்க வேண்டும் என்று பாருக்கிடம் கொடுத்தார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் திராட்சைத் தோட்டமும் வாங்குவார்கள் என்றார்.

அந்தப் பானை இன்னும் கிடைக்கவில்லை.